வருஷ பாஸ் நாலே நிமிஷத்துல தீந்துட்டாம், பணம் மட்டும் போயிட்டு

பாளை மார்க்கெட்:

ஒரு வாட்டர் தீம் பார்க்கோட வருஷ பாஸ் விவகாரம். பேரு போடல. விஷயத்தை மட்டும் சொல்லுதேன், தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

விளம்பரத்துல "வருஷம் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும் வாங்க, 3,999 ரூபாய், குறைந்த எண்ணிக்கை மட்டும்"னு இருந்துது. எத்தனைன்னு எங்கயும் போடல. வெள்ளிக்கிழமை காலைல 10 மணிக்கு விற்பனை. 10.04-க்கு "முடிந்தது"ன்னு வந்துட்டு. அந்த நாலு நிமிஷமும் ஓரத்துல "இன்னும் 7 மட்டுமே"ன்னு ஒரே எண்தான் மின்னிக்கிட்டு இருந்துது, ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. ரெண்டு பாஸுக்கு யு.பி.ஐ.ல 7,998 ரூபாய் போயிட்டு, பாஸ் வரல. போன் போட்டா "சர்வர் பிரச்சனை, காத்திருங்க"ங்காவ. மறு வாரமே அதே பார்க் "பிளாட்டினம்"னு 6,499-க்கு இன்னொரு பாஸ் இறக்கியிருக்கு.

இதுல இன்னொரு கூத்து. பாஸ் கிடைச்சவங்களுக்கு வந்த மெயில்லதான் நிபந்தனையே தெரியுது. ஏப்ரல், மே சனி ஞாயிறு கிடையாது. பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவு கிடையாது. மத்த நாள்லயும் முந்தின நாளே ஸ்லாட் பதியணும்.

இப்படி எண்ணி விக்க அவங்களுக்கு உரிமை இருக்கா? போன பணத்துக்கு யாரைப் பிடிக்க? புகார் எங்க குடுக்க? நெல்லை, தென்காசிப் பக்கத்துல இருந்து போறவனுக்கு இந்தப் பாஸ் கட்டுபடியாகுமா, அதையும் சொல்லுங்க.

கேஷ் கவுண்டர்:

முதல்ல பணம். யு.பி.ஐ. ஆப்ல அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து நிலை என்னன்னு பாருங்க அண்ணாச்சி. அதைப் பொறுத்துத்தான் யார் கழுத்துல துண்டு போடணும்னு முடிவாகும்.

"நிலுவை"ன்னோ "தோல்வி"ன்னோ இருந்து கணக்குல பணம் குறைஞ்சிருந்தா அது வங்கி வேலை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல போட்ட சுற்றறிக்கைப்படி, வியாபாரிக்குப் போற யு.பி.ஐ. பணம் போய்ச் சேராம நின்னா, நடந்த நாள் போக 5 நாளைக்குள்ள தானா திரும்பி வரணும். அதைத் தாண்டுற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் அவங்களே சேத்துத் தரணும், நீங்க கேட்டுக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. வரலைன்னா ஆப்லயே புகார் போடுங்க, அப்புறம் வங்கிக்கு எழுத்துல குடுங்க. 30 நாள் ஆகியும் பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மன், அதாவது வங்கி மேல வர்ற புகாரை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர்.

"வெற்றி"ன்னு காட்டி 12 இலக்க யு.டி.ஆர். எண்ணும் (பரிவர்த்தனையோட அடையாள எண்) இருந்தா கதை வேற. பணம் பார்க் கணக்குக்குப் போய்ச் சேந்துட்டு. அந்த 5 நாள் கணக்கு இதுக்குப் பொருந்தாது, வங்கில போய் நின்னா பெரும்பாலும் கையை விரிச்சிருவாவ. முக்காவாசிப் பேரு இங்கதான் தப்புப் பண்ணுதாவ, வங்கியோட ஒரு மாசம் மல்லுக்கட்டிட்டு அப்புறம் பார்க்குக்கு மெயில் போடுவாவ. பணம் யாருகிட்ட இருக்கோ அவங்களைத்தான் கேக்கணும்.

இப்படி ஏன் ஆகுதுன்னா, நிறைய டிக்கெட் தளங்கள்ல பணம் வந்த பிறகுதான் இருப்புல இருந்து பாஸைக் கழிக்காவ. பணம் கட்டுற பக்கத்துக்குப் போறப்பவே ஒரு பாஸை 10 நிமிஷத்துக்குப் பிடிச்சு வைக்கிறதுதான் முறையான அமைப்பு, சினிமா டிக்கெட்ல பாக்குற மாதிரி. அதைச் செய்யாத தளத்துல ஒரே பாஸுக்கு பத்துப் பேரு பணம் கட்டுவாவ, ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்.

செங்கோட்டை மதினி:

கட்டுபடியாகுமான்னு கேட்டதுக்கு மட்டும் கணக்குப் போடுதேன்.

நாலு பேரு, நாள் டிக்கெட் 1,100, பாஸ் 3,999-னு வைங்க. நாலு பாஸ் 15,996. நாலு தடவை போனா நாள் டிக்கெட்டுல 17,600. நாலாவது தடவைலதான் பாஸ் முந்துது, அதுவும் 1,604 ரூபாய்தான்.

இப்ப வாசலுக்கு வெளிய உள்ள செலவு. போக வர 200 கிலோமீட்டர், காரு லிட்டருக்கு 15 குடுத்தா 13 லிட்டருக்கு மேல, லிட்டர் 100-னு வச்சாலும் 1,330. உள்ள சாப்பாடு வெளிய இருந்து கொண்டுபோக விடமாட்டாவ, ஆளுக்கு 350-னா 1,400. லாக்கர், வாடகைக்கு நைலான் உடுப்பு எல்லாம் சேத்து ஒரு 500. ஆக ஒரு நடைக்கு 3,230, நாலு நடைக்கு 12,920. 1,604 மிச்சம் பிடிக்க 12,920 செலவு. அஞ்சாவது, ஆறாவது நடை போற வீட்டுக்குத்தான் பாஸ் அர்த்தம். பார்க் இருக்கிற ஊர்லயே குடியிருக்கவங்களுக்கு அது பெரிய விஷயமில்ல. நமக்கு அப்படியில்ல.

அடுத்தது நாளு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வச்சிருக்கவங்க காலண்டரை எடுத்து எண்ணுங்க. ஏப்ரல், மே சனி ஞாயிறு போச்சு. அரையாண்டு லீவு முழுக்க கிறிஸ்துமஸ் புத்தாண்டுக் கணக்குல போச்சு. பொங்கலும் போச்சு. மிச்சம் மே மாசத்து வார நாள், காலாண்டு லீவு, ஜூன்ல இருந்து மார்ச் வரைக்கும் உள்ள ஞாயித்துக்கிழமை. அதுல அக்டோபர் பாதில இருந்து டிசம்பர் வரைக்கும் நமக்கு மழை. இடி மின்னல் வந்தா சறுக்குக் கோபுரத்துல ஆளை ஏத்தமாட்டாவ. ஜூன், ஜூலை, ஆகஸ்டுல குற்றாலத்துல சாரல் விழுந்துக்கிட்டு இருக்கும்போது காசு குடுத்து குளோரின் தண்ணில குளிக்க யாருக்கு மனசு வரும்? (ஐந்தருவிக்கு இன்னும் பாஸ் போடல, புண்ணியம்.)

வாங்குறதுன்னே முடிவு பண்ணுனா ஒண்ணைக் கேட்டுக்கிடுங்க. செல்லுபடி ஒரு வருஷம்ங்காவளே, அது வாங்குன தேதில இருந்தா, முதல் தடவை உள்ள போன தேதில இருந்தா? முதல் தடவைன்னா, மே ரெண்டாவது வாரத்துல ஒரு வார நாள் பாத்துத் தொடங்குங்க. அடுத்த வருஷம் மே முதல் வாரமும் அதுக்குள்ள விழும், ஒரு பாஸுல ரெண்டு கோடை லீவு. வாங்குன தேதின்னா ஜனவரில தள்ளுபடின்னு வாங்கிப் போடுறது வீண்.

கொச்சிப் பக்கத்துப் பார்க்குகளுக்குப் போறவங்க பாலருவி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலைல எர்ணாகுளம். பெட்ரோல் செலவு இல்ல. அங்க ஓணத்தை ஒட்டிய நாளும் அடைப்புல (பாஸ் செல்லாத நாள்ல) வரலாம், நம்ம ஊர் லீவை மட்டும் வச்சுக் கணக்குப் போடாதிய.

பம்ப் ரூம்:

எண்ணி விக்கிறதுல நியாயமும் இருக்கு, களவாணித்தனமும் இருக்கு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்.

ரெண்டு பேரு உக்கார்ற டியூப் சறுக்கு ஒண்ணை எடுத்துக்கிடுங்க. 30 வினாடிக்கு ஒரு டியூப் விட்டா மணிக்கு 120 டியூப், 240 பேரு. இதை வேகப்படுத்த முடியாது. கீழ விழுந்தவன் குளத்தை விட்டு வெளிய வந்து லைஃப்கார்டு கை காட்டுனாத்தான் மேல அடுத்ததை விடணும். அவசரப்பட்டா ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து பல்லு போவும். அப்படி ஆறு சறுக்கு, ஆறு மணி நேரம் ஓடுனா மொத்தம் 8,640 சவாரி. 2,000 பேரு வந்தா ஆளுக்கு நாலு. 4,000 பேரு வந்தா ஆளுக்கு ரெண்டுதான், மீதி நேரம் படிக்கட்டுல வெயில்ல நிக்கணும்.

தண்ணியும் அப்படித்தான். அலைக்குளத்துத் தண்ணி முழுசும் ஒரு சுத்து ஃபில்டர் வழியா வர மணிக்கணக்குல ஆகும். ஆள் கூடக்கூட வியர்வை, எண்ணெய், மூத்திரம் எல்லாம் குளோரினைத் தின்னும். தின்ன பிறகு உருவாகுற குளோரமைன்தான் கண்ணு எரிச்சலுக்கும் அந்த வாடைக்கும் காரணம். குளோரின் கூடுதலாப் போட்டுட்டாவன்னு எல்லாரும் திட்டுவாவ, பெரும்பாலும் விஷயம் நேர்மாறு, ஆளுக்கு ஏத்த குளோரின் இல்ல. ஆகக்கூடி ஒரு நாளைக்கு இத்தனை பேருதான்னு வரம்பு வைக்கிறது தேவை.

ஆனா பாஸ் எண்ணிக்கைக்கும் அன்னைக்குக் கூட்டத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. 5,000 பாஸ் வித்தாலும் செவ்வாய்க்கிழமை காத்தாடும். மே மாச ஞாயித்துக்கிழமைதான் பிரச்சனை. அந்த ஞாயித்துக்கிழமையை அடைச்சாச்சு, ஸ்லாட்டும் பதியச் சொல்லியாச்சு. பிறகு எதுக்கு எண்ணிக்கையிலயும் கை வைக்காவ? அதுதான் மேலாண்மைக் கணக்கு. நாள் டிக்கெட்டுக்காரன் 1,100 குடுத்து வந்து சாப்பாட்டுக்கும் செலவு பண்ணுவான். பாஸ்காரன் நாலாவது தடவை சாப்பிட்டுட்டுத்தான் வருவான், லாக்கர் கூட எடுக்கமாட்டான். சீசனுக்கு முன்னால பராமரிப்புச் செலவுக்கு ரொக்கம் வேணும், அதுக்கு மட்டும் கொஞ்சம் பாஸ் விப்பாவ. "தீந்துட்டு"ன்னு ஒரு பரபரப்பை உண்டாக்கி, அதே பாஸுக்கு வேற பேரு வச்சு மறுவாரம் 6,499-க்கு விப்பாவ. 3,999 பாஸை உண்மையிலயே எத்தனை பேருக்கு வித்தாவங்கிறதுதான் இங்க கேள்வி.

அந்த நிறுவனம் பங்குச் சந்தைல இருந்தா ஆண்டறிக்கைல வருகைக் கணக்கும், ஆளுக்கு எவ்வளவு வருமானம், அதுல டிக்கெட் எவ்வளவு சாப்பாடு எவ்வளவுன்னும் பெரும்பாலும் போட்டிருப்பாவ. அதைப் படிச்சா பாஸ்காரனை ஏன் வேண்டா வெறுப்பா பாக்காவன்னு புரிஞ்சிரும்.

வண்ணாரப்பேட்டை மனு:

புகார் எங்கே என்ற கேள்விக்கு.

பாஸை எண்ணி விற்பது தவறு இல்லை. "எனக்கு ஒரு பாஸ் விற்கச் சொல்லுங்கள்" என்று எந்த ஆணையமும் உத்தரவு போடாது; அந்தக் கோரிக்கையை மனுவில் எழுதி மனுவைப் பலவீனப்படுத்தாதீர்கள். பிடி கிடைக்கும் இடங்கள் வேறு.

ஒன்று, விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தூண்டில் விளம்பரம் பற்றித் தனியாக இருக்கிறது. சொன்ன விலைக்கு விற்கும் வாய்ப்பே இல்லாமல் ஆளை இழுக்கக் கூடாது. எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குப் போதுமான இருப்பு வேண்டும். இருப்பு குறைவு என்றால் அதைச் சொல்ல வேண்டும். இவர்கள் "குறைந்த எண்ணிக்கை" என்று போட்டதால் அந்த ஒரு வரியில் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஆனால் "எத்தனை தடவை வேண்டுமானாலும்" என்று தலைப்பில் போட்டுவிட்டு அடைப்பு நாட்களை வாங்கிய பிறகு மெயிலில் சொல்வதற்கு அந்த வரி உதவாது.

இரண்டு, ஏறாமல் இறங்காமல் நின்ற "இன்னும் 7 மட்டுமே". 2023 நவம்பர் 30-ல் வந்த இருண்ட உத்திகள் (வாங்குபவரை ஏமாற்றும் இணையதளத் தந்திரங்கள்) பற்றிய நெறிகளில் 13 வகை சொல்லியிருக்கிறார்கள், முதலில் வருவதே பொய் அவசரம். கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது, கேட்காத லாக்கரையோ காப்பீட்டையோ கூடையில் போடுவது, இவையும் அதில் உண்டு. 3,999-க்கு மேல் கடைசியில் ஏதாவது ஏறியதா என்று பாருங்கள். தீம் பார்க் நுழைவுக்கு ஜி.எஸ்.டி. 2018 ஜனவரி 25 முதல் 18 சதவீதம், முன்பு 28. வரி உட்பட 3,999 என்றால் ரசீதில் 3,389 + 610 என்று பிரிந்திருக்க வேண்டும்.

மூன்று, பணம் வாங்கிக்கொண்டு பாஸ் தராதது. இது நேரடியான சேவைக் குறைபாடு. உங்கள் வழக்கில் வலுவானது இதுதான், மனுவில் இதையே முதலில் வையுங்கள்.

போகும் வரிசை: இணையத்தில் விற்கும் நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து அவர் தொடர்பைத் தளத்தில் போட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. அவருக்கு மெயில். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன், தமிழிலேயே பேசலாம், புகார் எண் தருவார்கள். அது சமரச ஏற்பாடுதான், தீர்ப்பு இல்லை. ஆனாலும் 7,998 ரூபாய்க்குப் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், எந்த நிறுவனமும் இந்தத் தொகைக்கு வக்கீல் வைக்க விரும்பாது.

முடியாவிட்டால் அறிவிப்பு அனுப்பி 15 நாள் கொடுங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, சேர்த்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், பார்க் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. "வழக்குகள் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டும்" என்று நிபந்தனையில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. வக்கீல் கட்டாயம் இல்லை. மனு இ-ஜாக்ரிதி தளத்தில் ஏற்றலாம்.

ஒரு பள்ளம் இருக்கிறது. நிபந்தனைகள் ஒருதலைப்பட்சம் என்று கோபத்தில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதிவிடாதீர்கள். சட்டத்தில் அது தனி வகை, அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்டத்துக்கு இல்லை. எதிர்த்தரப்பு முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்ளும். மாவட்டத்தில் "சேவைக் குறைபாடு", "முறையற்ற வணிக நடைமுறை" என்ற இரண்டோடு நில்லுங்கள். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்றும் எழுத வேண்டாம், படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

சான்று: விளம்பரம், "7 மட்டுமே" பக்கம், "முடிந்தது" பக்கம், பணம் போன விவரம், பிளாட்டினம் விளம்பரம். ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் முகவரிப் பட்டையும் தெரிய வேண்டும். நிபந்தனைப் பக்கத்தை இன்றே சேமியுங்கள், புகார் போனதும் மாற்றிவிடுவார்கள். மின்னணுச் சான்றோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள், பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி தான் அது.

மேலப்பாளையம் 5:

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. கலிபோர்னியா டிஸ்னிலாண்டு 2021 ஜனவரில பழைய வருஷ பாஸையே நிறுத்துனாவ. அதே வருஷம் ஆகஸ்டுல "மேஜிக் கீ"ன்னு நாலு தரத்துல புதுசு கொண்டு வந்தாவ, எல்லாத்துக்கும் முன்பதிவு கட்டாயம். மேல் தரத்துக்கு "அடைப்பு நாளே கிடையாது"ன்னு விளம்பரம். போய்ப் பதிஞ்சா இடம் இல்லம்பாவ, ஆனா அதே நாளுக்கு நாள் டிக்கெட் வித்துக்கிட்டு இருக்கும். வழக்குப் போட்டாவ, 2023-ல 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆச்சு. ஃபுளோரிடா டிஸ்னிலயும் 2021 நவம்பர்ல பெரும்பாலான பாஸ் விற்பனையை நிறுத்தி 2023 ஏப்ரல்லதான் திரும்பத் திறந்தாவ, அங்கயும் ரசிகர்களுக்கு இதே கொதிப்பு.

ஆக, நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: ஸ்லாட்டுல பாஸ்காரனுக்குத் தனி ஒதுக்கீடா, நாள் டிக்கெட்டோட சேந்த பொதுக் கணக்கா? தனி ஒதுக்கீடுன்னா பாஸ் கையில இருந்தும் உள்ள போக முடியாத நாள் வந்துக்கிட்டே இருக்கும்.

பாளை மார்க்கெட்:

எல்லாருக்கும் நன்றி. "வெற்றி"ன்னுதான் காட்டுது, யு.டி.ஆர். எண்ணும் இருக்கு. அப்ப பார்க்குதான். குறைதீர் அலுவலர் பேரு தளத்துல எங்கயும் காணல மனு அண்ணாச்சி. பிளாட்டினத்துக்கு 2,500 கூடக் கட்டுனா மாத்தித் தாரோம்னு இன்னைக்கு ஒரு போன். சரின்னு சொல்லலாமா?

வண்ணாரப்பேட்டை மனு:

போனில் சரி என்று சொல்லாதீர்கள். ஒப்புக்கொண்டால் பழைய கோரிக்கை கரைந்துவிடும். "எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அனுப்பினால் அதுவே சான்று, 3,999 பாஸ் தீர்ந்த அதே நேரத்தில் பாஸ் கொடுக்க இடம் இருந்திருக்கிறது என்று ஆகிவிடும்.

அலுவலர் பெயர் இல்லாததையும் மெயிலில் ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள். ரசீதில் உள்ள நிறுவன முகவரிக்கும், தளத்தில் உள்ள எல்லா மெயிலுக்கும் ஒரே கடிதம். நீளம் வேண்டாம்: "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த யு.டி.ஆர். எண்ணில் 7,998 ரூபாய் பெற்றுக்கொண்டீர்கள். பாஸ் வழங்கவில்லை. விளம்பரப்படுத்திய 3,999 விலையில் இரண்டு பாஸ், அல்லது முழுத் தொகை, 15 நாளுக்குள். வழங்கப்பட்ட மொத்த பாஸ் எண்ணிக்கையையும் அடைப்பு நாட்களின் பட்டியலையும் தெரிவிக்கவும்." எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாததும் பின்னால் உதவும்.

செங்கோட்டை மதினி:

பாஸாவே குடுத்துட்டாவன்னா ரெண்டு விஷயம். பல பார்க்குல குழந்தைக் கட்டணம் வயசை வச்சு இல்ல, உயரத்தை வச்சு. வருஷ நடுவுல பிள்ளை கோட்டைத் தாண்டி வளந்தா வித்தியாசம் கேப்பாவளான்னு இப்பவே எழுத்துல வாங்கிருங்க. அடையாளத்துக்கு ஆதார் கேட்டா கடைசி நாலு எண் மட்டும் தெரியுற மறைச்ச ஆதார் குடுங்க.

அப்புறம் வெள்ளம், மூடல். 2023 டிசம்பர் 17, 18 மாதிரி ஒரு மழை வந்து ரோடே அடைஞ்சாலோ, பார்க்கே வாரக்கணக்குல மூடுனாலோ அந்த நாளைச் செல்லுபடில கூட்டித் தருவாவளான்னு நிபந்தனைல தேடுங்க. ஒண்ணும் எழுதலன்னா அதையும் அந்த மெயில்லயே கேட்டுருங்க.

கேஷ் கவுண்டர்:

வாட்ஸ்அப் குரூப்புல "என் பாஸ் 3,000-க்கு"ன்னு இப்ப ரெண்டு பேரு சுத்துதாவ. பாஸ்ல போட்டோ இருக்கும், மாத்த முடியாது, வாசல்ல நிறுத்திருவாவ. ஏற்கனவே யாராவது பணம் போட்டிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் அந்தக் கணக்கை முடக்க முடியும்.